ஆர்டர் வந்தது, பணம் வந்தது, கணக்கு முடங்கியது

திருக்கடையூரில் கடை என்றாலே சந்நிதித் தெருதான் என்றிருந்த காலம் மாறிவிட்டது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஆண்டு முழுக்க வெளியூர்க் குடும்பங்கள் வந்துபோகிற ஊர் இது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வியாபாரம் தொடர்கிறது. "அன்னைக்கு வாங்கின தாம்பூலப் பை மாதிரியே இன்னும் நூறு வேணும், கூரியர்ல அனுப்புவீங்களா?" என்று சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஆக்கூர், செம்பனார்கோயில், பொறையார் பக்கத்து வீடுகளில் மாப்பிள்ளைச் சம்பா அவலும் கருப்புக் கவுனியும் வடகமும் பொட்டலமாகின்றன. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்கள் நடத்தி மீட்டுக்கொடுத்த 174 பாரம்பரிய ரகங்களில் பலவற்றை இன்று இன்ஸ்டாகிராமில் விலை கேட்கிறார்கள்.

இந்த வியாபாரிகளில் பெரும்பாலோருக்குக் கடை என்பது ஒரு செல்போன்தான். தெருக்கடைக்காரர் தன் ஷட்டரைத் தானே ஏற்றி இறக்குவார். இவர்களுடைய ஷட்டரோ வங்கி, செயலி நிறுவனம், கூரியர் கம்பெனி, சமூக வலைத்தளம் என்று நாலு பேர் கையில் இருக்கிறது. யாராவது ஒருவர் இறக்கிவிட்டால் அன்று வியாபாரம் இல்லை. இவர்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் ஆதாரம் வேண்டும், நேரத்தோடு கேட்கவும் வேண்டும். "போனது போகட்டும், நமக்கெதுக்கு ஸ்டேஷனும் கோர்ட்டும்" என்று ஒதுங்கிப்போகும் நம் பழக்கத்தால்தான் பாதிப் பணம் போகிறது.

இப்போது அதிகம் பயப்பட வேண்டியது வங்கிக் கணக்கு முடக்கத்தைப் பற்றித்தான். வீட்டிலிருந்து விற்கும் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குத் தாம்பூலப் பை ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் யு.பி.ஐ.யில் வந்துவிட்டது, பையும் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. வங்கியில் போய் நின்றால், "வேற ஸ்டேட் சைபர் கிரைம்லேருந்து ஹோல்டு போட்டிருக்காங்கம்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். நடந்தது இதுதான். எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கொண்டு மோசடிக்காரன் சரக்கு வாங்கியிருக்கிறான். பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொன்னதும், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனையும் தடுக்கப்படுகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவைச் சொல்லிக் காவல் துறை இந்தத் தடையைப் போடுகிறது. 2024 ஜூலைக்கு முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவாக இருந்தது.

வங்கி சொல்வதில் பாதி உண்மை. காவல் துறை போட்ட தடையை வங்கி தானாக எடுக்க முடியாது. ஆனால் தடை போட்ட காவல் நிலையம் எது, புகாரின் ஒப்புகை எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துக் கேட்கலாம், கேட்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வந்தால் நாளை நீங்கள் கேட்டதற்கே சாட்சி இருக்காது. மனுவின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பன்னிரண்டாயிரம் சந்தேகத் தொகை என்றால் அதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுங்கள் என்று கேட்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளின் பலம் இருக்கிறது. தடை சந்தேகத் தொகையோடு நிற்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. எவ்வளவு தொகை என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது ஒருவரின் பிழைப்பையே பறிப்பதாகும் என்ற நோக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் பில், வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் ரசீது, சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சான்று எல்லாவற்றையும் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். "நாங்க பேசி எடுத்துத் தர்றோம், இவ்வளவு ஆகும்" என்று இணையத்தில் கூவும் தரகர்களை நம்பிவிடாதீர்கள். அது இன்னொரு மோசடிக்கு வாசல்.

முடங்கிய பிறகு அலைவதைவிட முன்பே செய்துகொள்ள வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம், பயிர்க்கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் ஓடும் கணக்கின் கியூ.ஆர். அட்டையை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். ஒரு கணக்கு நின்றாலும் அடுப்பு எரிய வேண்டும்.

"அவசரத்துல கூடப் போட்டுட்டேன், மீதி எட்டாயிரத்தை என் தம்பி நம்பருக்கு அனுப்பிடுங்கக்கா" என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். பணம் வந்ததாகக் காட்டிய குறுஞ்செய்தி போலியாக இருக்கலாம். பணம் உண்மையாகவே வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருட்டுப் பணத்தை மூன்றாவது ஆளுக்குக் கைமாற்றிக் கொடுத்தவர் என்று உங்கள் பெயரும் விசாரணையில் ஏறும். திருப்பித் தர வேண்டியிருந்தால் பணம் வந்த அதே கணக்குக்கு, வங்கியில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் மோசடி நாடு முழுக்க நடந்தது. சீருடைப் படமும் அடையாள அட்டையும் வரும், பிறகு "பணம் பெற இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு கியூ.ஆர். வரும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. வீட்டில் போனைத் தொடுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை மூலம் நடந்த ஏமாற்றைத் தடுக்க, தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தியது. ஸ்கேன் செய்ய வைத்துப் பின் நம்பரைப் போட வைக்கும் தந்திரத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கட்டுவதும் அதே வகை ஆபத்து. கணக்கில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். அடுத்த நாள் காலை வரை பொறுத்தால் அந்தப் பணம் அதற்குள் நாலைந்து கணக்குகளைத் தாண்டியிருக்கும். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம். வங்கிக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் பணம் போயிருந்து, அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதி. பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ நீங்களே கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அப்போதும், நீங்கள் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கியே பொறுப்பு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது பார்சல். பித்தளை விளக்கு அனுப்பினால் உடைந்த பிளாஸ்டிக் டப்பா திரும்பி வருகிறது என்று விற்பனையாளர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். பொருளை எடைத்தட்டில் வைப்பது, பெட்டியில் அடுக்குவது, டேப் ஒட்டுவது, முகவரிச் சீட்டு ஒட்டுவது என்று நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திரும்பி வரும் பார்சலையும், முகவரிச் சீட்டும் டேப்பும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் இழப்பீடு கேட்க சில நாட்கள்தான் அவகாசம், வீடியோ இல்லாத கோரிக்கை அங்கே நிற்பதில்லை.

கூரியர் ரசீதின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. பொருள் தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு சின்னத் தொகை அதில் அச்சாகியிருக்கும். கையெழுத்திட்டு ஏற்ற வரம்பு கட்டுப்படுத்தும் என்று பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. அஞ்சல் துறையின் பொறுப்பையும் 2023-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் விதிகளில் சொன்ன அளவோடு நிறுத்துகிறது. ஆகவே விலை கூடிய பொருளுக்கு மதிப்பை எழுதிக் காப்பீடு செய்து அனுப்புங்கள். அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடலாம்.

நுகர்வோர் ஆணையம் வாங்குபவருக்கு மட்டும்தான் என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குபவரை நுகர்வோர் பட்டியலிலிருந்து நீக்குகிறது. ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்கில் அது சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து அவல் விற்கும் பெண், தன்னை ஏமாற்றிப் பேக்கிங் இயந்திரம் விற்றவர் மீது இந்த வாதத்தை வைத்து வழக்குப் போடலாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

விற்பவருக்குக் கடமையும் உண்டு, அதில் நம் பகுதி வியாபாரிகள் அறியாமல் மாட்டுகிற இடம் விளம்பர வாசகம். "கருப்புக் கவுனி சாப்பிட்டா சர்க்கரை நோய் போயிடும்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைவிட என்னை வருத்துவது, அந்த ரீல்ஸை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும் என்பதுதான். எந்த வயலில் விளைந்தது, எந்த மாதம் அறுத்தது, எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று எழுதுங்கள். நம் அரிசி விலைபோக அதுவே போதும். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், நிகர எடை, பேக் செய்த மாதம், அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, புகார் தெரிவிக்கும் எண் எல்லாம் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. வாங்கியவர் வேடத்தில் நாமே விமர்சனம் எழுதக்கூடாது. கடைசி இரண்டும் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் விற்பனையாளருக்குச் சொன்னவை.

ஜி.எஸ்.டி.யில் திருக்கடையூர்க்காரருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு செய்யத் தேவையில்லை. 2023 அக்டோபரிலிருந்து விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிக்கும், ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டால், இந்தச் சலுகை கிடைக்கிறது. ஆனால் வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு ஒன்று விற்றாலும் பதிவு கட்டாயம், சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு. பொறையாரைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால். நமக்கு அது பக்கத்து ஊர், ஜி.எஸ்.டி. கணக்கில் அது புதுச்சேரி. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. அதையே பெயர் அச்சிட்டு 25 கிலோவுக்குள் பொட்டலம் போட்டால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். காரைக்காலிலிருந்து வரும் ஆர்டரை ஏற்கும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்கும் பெரிய இணையக் கடைக்கும் கடனில் சரக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். இது பொருளைத் தானே தயாரிப்பவருக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021-இல் கிடைத்த உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமையோடு நின்றுவிடுகிறது. நெல்லை அவலாக்கி விற்பவர் அந்தப் பதிவை உற்பத்தியாளர் என்ற வகையில் எடுப்பது அதனால்தான் முக்கியம். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் தனியார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், வட்ட அளவிலும் குழுக்கள் இருக்கின்றன. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. உதவி எண் 15100. வங்கியில் முத்திரை வாங்கிய மனு நகல், பில், கூரியர் ரசீது, உரையாடலின் பிரதி எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.