ஓசை ஓரிடம், பழுது வேறிடம்
பழைய நாற்சில்லு வாகனம் வைத்திருக்கும் எம்மவர்க்குச் சில குறிப்புகள்

லண்டனிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் எம்மவர்களில் சிலர், பழைய நாற்சில்லு இயக்க வாகனங்களை மலிவு விலைக்கு வாங்கி ஓட்டுகின்றனர். கடைக்குச் சாமான் ஏற்றவும், பிள்ளைகளோடு பாட்டன் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகவும் ஒரே வாகனம் போதும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இந்நாட்டில் சோகன் என்ற பெயரில் விற்கப்பட்ட பஜீரோவும், லாண்ட் ரோவரும், ஊரில் அமைச்சர்களும் திணைக்களப் பெரியவர்களும் ஏறிச் சென்ற வாகனங்கள் என்பது அவர்கள் சொல்லாத காரணம்.

வாங்கிய சில மாதங்களில் வாகனத்தின் அடியில் ஒரு முனகல் எழும். அல்லது வேகமிதியில் காலை வைக்கும்போதும் எடுக்கும்போதும் 'டங்' என்றொரு அடி கேட்கும். கராஜிற்குக் கொண்டுபோனால், "அண்ணை, ட்ரான்ஸ்பர் பெட்டி போச்சு" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்துவிடும். பெற்றோல் நிலையத்தில் பல வாரம் இரவு விழித்து உழைத்த பணம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகிறது. பெட்டி உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியவை பல இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குக் காசே தேவையில்லை.

இங்கு அதிகம் கண்ணிற்படும் லாண்ட் ரோவர் டிஸ்கவரியையே உதாரணமாகக் கொள்வோம். 1989 முதல் 2004 வரை வெளிவந்த அதன் முதலிரு வகைகளில் எல்.ரி. 230 என்னும் ட்ரான்ஸ்பர் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. 1983 இல் அறிமுகமான அப்பெட்டி, 2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் தொழிற்சாலையில் இறுதி டிபென்டர் வெளிவரும்வரை பயன்பட்டது. கியர் பெட்டியின் பின்னால் அமர்ந்து, இயந்திரத்தின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை. வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். அந்த வேறுபாட்டைத் தாங்குவதற்காகப் பெட்டியின் நடுவே ஒரு டிபரன்ஷல் இருக்கிறது. சேற்றிலே ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழலுமாயின், அந்த டிபரன்ஷலைப் பூட்டுவதற்கு ஒரு கோலும் உண்டு.

அந்தப் பூட்டே எமது முதற் சோதனைக் கருவி. லண்டன் எல்லைக்கு வெளியே, லூட்டனில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் டிஸ்கவரி ஒரு காலையில் அசைய மறுத்தது. கியர் விழுந்தது, இயந்திரம் இரைந்தது, சில்லுகள் அசையவில்லை. கராஜ் ஒன்று புதுப் பெட்டி என்றே முடிவுகட்டி, அவருடைய ஒரு மாத வருமானத்தை நெருங்கும் தொகையைச் சொன்னது. டிபரன்ஷலைப் பூட்டிப் பார்க்கும்படி நாம் தொலைபேசியிற் கூறினோம். பூட்டியதும் வாகனம் நகர்ந்தது. பூட்டினால் ஓடுகிறது, திறந்தால் ஓடவில்லை என்றால், பெட்டி பெரும்பாலும் குற்றவாளி அன்று. பாதி அச்சு, புரொப்பெல்லர் தண்டு, சில்லின் நடுவே இருக்கும் இணைப்புத் தட்டு ஆகியவற்றுள் ஏதோவொன்று அறுந்திருக்கிறது. திறந்த டிபரன்ஷல் விசை முழுவதையும் அந்த அறுந்த வழியாலேயே வீணாக்குகிறது. நண்பரின் வாகனத்தில் தேய்ந்திருந்தது பின்சில்லொன்றின் இணைப்புத் தட்டின் பற்கள் மட்டுமே. ஒரு பிற்பகலில் அது மாற்றப்பட்டது.

அடுத்தது ஒயில். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, பெட்டியின் மட்டத் துவாரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். ஒயில் துவாரத்தின் விளிம்புவரை நின்றால் நல்லது. குறைந்திருந்தால் முனகலுக்குக் காரணம் அதுவாகலாம். துவாரத்தைத் திறந்ததும் ஒயில் பீறிட்டால் மகிழவேண்டாம்: கியர் பெட்டிக்கும் இதற்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்து, அங்குள்ள ஒயில் இங்கு வந்து சேர்கிறது. அப்போது காய்ந்துகொண்டிருப்பது கியர் பெட்டி. அதனைக் கவனியாது விட்டால் செலவு இரட்டிப்பாகும். ஒயிலை மாற்றுபவர்கள் மேலேயுள்ள துவாரம் திறக்கிறதா என்று உறுதிசெய்த பின்னரே கீழேயுள்ளதைத் திறக்கவேண்டும். ஒயிலை வடித்த பின்னர் மேற்றுவாரம் இறுகிக் கிடப்பதைக் கண்டால், வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கோல் அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். நகரத்தில் ஓடும் வாகனங்களிற் பலவற்றின் தாழ்கியர் ஆண்டுக்கணக்கில் தொடப்படுவதில்லை. இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. துருவிளக்கி எண்ணெயைச் சில நாட்கள் தொடர்ந்து இட்டு, மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் இளகும். பூட்டிய டிபரன்ஷல் விடுபடாமல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், புல்தரையிலோ சரளையிலோ சில யார் தூரம் பின்னோக்கி, சற்று வளைந்து வளைந்து ஓட்டினால் பற்களின் இறுக்கம் தளரும். 1998 இல் வந்த இரண்டாவது டிஸ்கவரியில் இந்தப் பூட்டுக்கோலையே எடுத்துவிட்டார்கள். சறுக்கலை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்பது தயாரிப்பாளரின் நம்பிக்கை. எமது எண்ணத்தில் அது வீண் சிக்கனம். அதே வாகனத்தில் முன்புறப் புரொப்பெல்லர் தண்டு கீச்சிட ஆரம்பித்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அது ஓட்டத்தில் முறிந்து, தானியங்கிக் கியர் பெட்டியின் உறையையே துளைத்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. இவ்வாகனங்களின் ஹாண்ட் பிரேக் சில்லுகளில் இல்லை. ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத் தண்டைப் பிடிக்கும் ஒரு டிரம்மில் இருக்கிறது. பெட்டியின் பின் சீல் கசிந்தால் ஒயில் அந்த டிரம்முக்குள் இறங்கி, சரிவில் நிறுத்திய வாகனம் தானே உருளக்கூடும். அதைவிட ஆபத்தானது, ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பிப் பின்சில்லொன்றை ஜாக்கினால் உயர்த்துவது. உயர்ந்த சில்லு சுதந்திரமாகச் சுழல, தரையிலிருக்கும் மற்றச் சில்லும் உருளும். தண்டைப் பிடித்துப் பயனில்லை. வாகனம் ஜாக்கிலிருந்து விழும். ஆகவே நடு டிபரன்ஷலைப் பூட்டி, தரையிலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்பே ஜாக்கைத் தொடவேண்டும். வீட்டு வாசலில் ரயர் மாற்றும் பிள்ளைகளுக்கு இதனைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

1997 முதல் 2006 வரை வந்த முதலாவது பிரீலாண்டரின் கதை வேறு. அதில் தாழ்கியரும் இல்லை, பூட்டும் இல்லை. முன்பின் அச்சுகளை இணைப்பது தடித்த திரவம் நிறைந்த ஓர் உருளை. பழையதாகும்போது அது இறுகும். இறுகிய உருளையோடு, முன்னால் ஒரு வகையும் பின்னால் இன்னொரு வகையுமாக ரயர் போட்டு ஓட்டினால், முன்னாலுள்ள விசைப்பகிர்வுப் பெட்டி நொறுங்கும். ஸ்ரேரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டும்போது யாரோ பிரேக்கைப் பிடித்திருப்பதுபோல வாகனம் இழுபட்டால் உருளை இறுகிவிட்டது என்று பொருள். மலிவென்று இரண்டு பழைய ரயர் வாங்கிப் போடுவது இவ்வாகனத்திற்கு நஞ்சு. ஹைலக்ஸ் போன்ற பகுதிநேர நாற்சில்லு வாகனங்களில் நடு டிபரன்ஷலே கிடையாது. உலர்ந்த தார்ச்சாலையில் நாற்சில்லு இயக்கத்தைப் போட்டு ஓட்டுவது பெட்டியை முறுக்கிப் பிழிவதற்குச் சமம். சோகனில் விளக்குகள் விடாது கண்சிமிட்டினால், பெட்டியைக் குறை கூறுமுன் வெற்றிடக் குழாய்களையும் அவற்றின் வால்வுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் மாசுக் கட்டண வலயத்திற்குள் வந்துவிட்டன. பொதுவாக 2006 இற்கு முந்திய பெற்றோல் வாகனமும், 2015 செப்டெம்பருக்கு முந்திய டீசல் வாகனமும் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்டவேண்டும். ஆண்டில் 300 நாள் ஓடினால் 3,750 பவுண். நாற்பது வயது கடந்து, வரலாற்று வாகனமாகப் பதிவானவற்றிற்கு விலக்குண்டு. டிஸ்கவரிக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. லண்டனுக்குள் குடியிருப்பவர் பெட்டியைத் திருத்துவதா என்று கேட்பதற்கு முன், வாகனத்தை வைத்திருப்பதா என்று கேட்பதே முறை.

வாங்க நினைப்பவர்கள் வாகன இலக்கத்தைக் கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் பழைய எம்.ஓ.ரி. முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். ஒயில் கசிவும் ஹாண்ட் பிரேக் குறையும் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தால் காரணம் இப்போது விளங்கும். வணிகரிடம் வாங்கிய வாகனத்தில் குறை இருந்தால், 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி முதல் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாளிடம் வாங்கியவர்க்கு இந்த வசதி இல்லை. திருத்தக் கொடுக்கும்போது தொகையை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்.ஓ.ரி. சோதனைக்குக் கொண்டுபோகும்போது, இது நிரந்தர நாற்சில்லு இயக்க வாகனம் என்பதைச் சோதிப்பவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். ஓரச்சை மட்டும் உருளைமேல் ஏற்றிச் சுழற்றிப் பிரேக் பார்த்தால், நல்ல பெட்டியும் அங்கேயே கெட்டுவிடும்.