புது கேம் ஷாஃப்ட் போட்டும் ஆயில் இன்ஜின் இழுக்கவில்லையா?

‘தேய்ந்துபோன கேம் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். பழசு இழுத்த அளவுகூட இப்போது இழுக்கவில்லை. நாசில் மாற்றினோம், டீசல் பம்பையும் மாற்றினோம். அப்படியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?’

ஆம்பூர், மாதனூர், பள்ளிகொண்டா பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இலவச மின்சாரம் இருக்கும்போது ஆயில் இன்ஜின் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வருவதில்லை. புது இணைப்புக்கு மனு கொடுத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குத்தகை நிலத்தில் பயிர் வைப்பவருக்குச் சொந்தமாக இணைப்பே கிடையாது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் முள்ளுக்கத்திரிக்கு ஒரு தண்ணீர் தவறினாலும் நஷ்டம்தான். அதனால்தான் ஆயில் இன்ஜின் இன்னும் நம் கிணற்று மேட்டில் இருக்கிறது.

5 குதிரைத்திறன் இன்ஜின் முழுப் பளுவில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். இழுவை குறைந்த இன்ஜின் டீசலைக் குறைக்காது, தண்ணீரைத்தான் குறைக்கும். ஆகவே மேலும் உதிரிபாகம் வாங்கும் முன், செய்த வேலை சரியா என்று வரிசையாகச் சோதித்துப் பாருங்கள். இதற்கு ஒரு சாக்பீஸ், நூல், ஸ்பேனர், ஃபீலர் கேஜ் இருந்தால் போதும்.

கேம் ஷாஃப்ட் செய்யும் வேலை

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விழும் நேரத்தை ‘டைமிங்’ என்கிறோம். டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் நெருக்கிச் சூடேறிய காற்றில் டீசல் பாயும்போது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே இங்கே டைமிங் என்பது டீசல் பாயும் நேரம்.

நாம் வைத்திருக்கும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில், காற்று வால்வு, புகை வால்வு, டீசல் பம்பு மூன்றையும் ஒரே கேம் ஷாஃப்ட்தான் இயக்குகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினில் கேம் 750 சுற்றுதான். இரண்டையும் இணைப்பவை பல்சக்கரங்கள். கிராங்க் பல்லில் உள்ள குறியும் கேம் சக்கரத்தில் உள்ள குறியும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும்.

கேம் சக்கரத்தில் 60 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் மாறினால் கேமில் 6 பாகை, கிராங்கில் 12 பாகை தவறும். வால்வும் டீசலும் சேர்ந்தே தவறும். மெக்கானிக்குகள் ‘பல் தாண்டிப் போச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

குறை இன்ஜினிலா, தண்ணீர்ப் பம்பிலா?

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். மையவிலக்குப் பம்பில் வெளியேற்று வால்வை மூடி வைத்தால் பளு குறையும். அப்படி மூடி, சில நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் இன்ஜின் முழு வேகம் எடுக்கவில்லை என்றால் குறை இன்ஜினில்தான். மூடும்போது வேகம் எடுத்து, திறந்ததும் திணறினால் இன்ஜின் பலமும் குறைந்திருக்கலாம், பம்பின் பளுவும் கூடியிருக்கலாம். அப்போது பம்பின் பேரிங், பேக்கிங் இறுக்கம், கிணற்று நீர்மட்டம் மூன்றையும் பாருங்கள்.

வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பம்பு தண்ணீரை ஏற்றும் உயரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆழக் கிணற்றில் ‘தண்ணீரே ஏறவில்லை’ என்று தோன்றுவது அதனால்தான்.

புகை சொல்லும் சேதி

வெள்ளைப் புகை, ஸ்டார்ட் ஆவதில் சிரமம், இன்ஜின் சீக்கிரம் சூடாவது: டீசல் தாமதமாகப் பாய்கிறது, அல்லது கம்ப்ரஷன் குறைவு.

‘டங் டங்’ என்ற கடும் தட்டல், ஹேண்டில் திருப்பி உதைப்பது: டீசல் சீக்கிரமே பாய்கிறது. இந்த நிலையில் மறுபடி மறுபடி ஹேண்டில் போடாதீர்கள். மணிக்கட்டு முறியும்.

கரும்புகையோடு இழுவைக் குறைவு: ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் ஒழுக்கு, வால்வு சரியாகத் திறக்காமை, அதிகப் பளு.

புகையே இல்லாமல் இழுவைக் குறைவு: டீசல் போதுமான அளவு போகவில்லை. டீசல் ஃபில்டர், குழாயில் காற்று, கவர்னரிலிருந்து பம்புக்கு வரும் கம்பி இவற்றைப் பாருங்கள். கேம் மாற்றும்போது கழற்றிய அந்தக் கம்பியைச் சரியாக மாட்டாவிட்டால் இழுவை போவதோடு நிற்காது. சில சமயம் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துவிடும். அதை மாட்டிச் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பல் மாறியிருக்கிறதா? மூடியைத் திறக்காமல் பார்க்கலாம்

டீசலை அடைத்துவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். டீகம்ப்ரஷன் லீவர் கீழே இருக்கட்டும். முதலில் டேப்பெட் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்க, இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில்தான் இதை வைக்க வேண்டும்.

பிறகு பிளைவீலை அது ஓடும் திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றி, உச்சிக் குறிக்கு (டி.டி.சி.) மறுபடி கொண்டுவாருங்கள். இப்போது புகை வால்வு மூடும் தறுவாயிலும் காற்று வால்வு திறக்கும் தறுவாயிலும் இருக்கும். நம் பகுதியில் நிறைய ஓடும் கிர்லோஸ்கர் ஏ.வி.1, டி.வி.1 வகைகளில் காற்று வால்வு உச்சிக்கு 4.5 பாகை முன்னால் திறக்கிறது. புகை வால்வு உச்சிக்கு 4.5 பாகை பின்னால் மூடுகிறது. அதாவது உச்சிக் குறியில் இரண்டு வால்வும் ஒரே அளவு, மிக லேசாகத் திறந்திருக்க வேண்டும்.

புஷ் ராடுகளை விரலால் திருகிப் பாருங்கள். இரண்டும் லேசாக இறுகியிருந்தால் பல் சரி. புகை வால்வின் ராடு தளர்ந்து, காற்று வால்வின் ராடு நன்றாக இறுகியிருந்தால் கேம் முந்திப் போயிருக்கிறது. புகை வால்வின் ராடு இறுகி, காற்று வால்வின் ராடு தளர்ந்திருந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது. வேறு வகை இன்ஜினுக்கு அதன் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள்.

டீசல் பாயும் நேரத்தை நூலால் அளக்கலாம்

மேலே சொன்ன இரண்டு கிர்லோஸ்கர் வகைகளிலும் பிஸ்டன் உச்சிக்கு 23 பாகை முன்னால் டீசல் பாயத் தொடங்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் முறை இது:

1. பிளைவீலின் சுற்றளவை நூலால் அளந்து 360-ஆல் வகுத்து, 23-ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 126 செ.மீ. என்றால் ஒரு பாகைக்கு 0.35 செ.மீ. 23 பாகைக்கு ஏறத்தாழ 8 செ.மீ.

2. டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைப் பம்புப் பக்கம் கழற்றுங்கள். டீசலைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். பம்பின் ராக்கை முழு டீசல் நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. கம்ப்ரஷன் சுற்றில், ஓடும் திசையில், பிளைவீலை மிக மெதுவாகச் சுற்றுங்கள். பம்பு வாயில் நிற்கும் டீசல் அசையும் அந்த நொடியில் நிறுத்திச் சாக்பீஸால் குறியிடுங்கள்.

4. அந்தக் குறிக்கும் உச்சிக் குறிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

126 செ.மீ. சக்கரத்தில் 8 செ.மீ. வந்தால் நேரம் சரி. 12 செ.மீ. அளவுக்கு வந்தால் ஒரு பல் முந்தியிருக்க வாய்ப்பு அதிகம். 4 செ.மீ. அளவுக்கு வந்தால் ஒரு பல் பின்தங்கியிருக்கலாம். புஷ் ராடு சோதனையும் அதையே சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. மூடியைத் திறந்து குறிகளைப் பொருத்துவதுதான் வழி.

ஷிம்மால் மூடி மறைக்காதீர்கள்

பம்பின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தகடு எடுத்தால் டீசல் சீக்கிரம் பாயும், சேர்த்தால் தாமதமாகும். இரண்டொரு பாகை திருத்தத்துக்கு மட்டுமே அது. பல் மாறிய இன்ஜினை ஷிம்மால் சரிக்கட்டினால் டீசல் நேரம் மட்டும் ஒழுங்காகும். வால்வுகள் தவறான நேரத்திலேயே திறந்து மூடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. அளவுக்கு மீறித் தகடு எடுத்தால் பம்பின் பிளஞ்சரும் அடிபடும்.

பல்லும் சரி, நேரமும் சரி என்றால்?

பழைய கேமையும் புதிய கேமையும் அருகருகே வைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள். மூக்கு உயரத்திலிருந்து அடிவட்டத்தைக் கழித்தால் வருவதுதான் வால்வைத் தூக்கும் அளவு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு மாடல் கேம் வந்திருக்கலாம். பழசில் தேயாத மூக்கோடு ஒப்பிடுவது நல்லது.

டேப்பெட்டின் அடிப்பகுதி குழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். குழிந்த டேப்பெட் புதுக் கேமைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

பழைய கேம் ஏன் தேய்ந்தது?

பாதிப் பேர் கேட்க மறக்கும் கேள்வி இது. தேய்மானத்துக்கு முதல் காரணம் ஆயில். ஆயில் கெடுவதற்கு நம் பகுதியில் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

தோல் பதனிடும் தொழிலில் உப்புப் போட்ட தோலைக் கழுவும் நீர் பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்தது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முதற்கட்டக் கணிப்பை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது.

மண்ணைக் கெடுக்கும் உப்பு இரும்பையும் விடாது. கிணற்று நீரையே இன்ஜினைக் குளிர்விக்கவும் விடுகிறோம். உப்பு நீர் வார்ப்பிரும்பை அரிக்கும், கடின நீர் உள்ளே காரை படிய வைக்கும். லைனரின் அடி ரப்பர் வளையம் உட்காரும் இடம் அரித்தால் தண்ணீர் ஆயில் தொட்டிக்குள் இறங்கும். தண்ணீர் கலந்த ஆயில் கேமைக் காக்காது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. இன்ஜினை ஓரிரவு நிறுத்தி வைத்து, காலையில் ஆயில் வடிகால் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். அளவுக்குச்சியில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும் அதே அர்த்தம்தான். அப்படியானால் லைனர் வளையத்தை மாற்றாமல் புதுக் கேம் போடுவது வீண்.

உப்புக் கிணறு உள்ளவர்கள், ஓடும் கிணற்று நீருக்குப் பதிலாக 200 லிட்டர் டிரம்மில் மழைநீரோ நல்ல தண்ணீரோ நிரப்பி, இன்ஜினைவிடச் சற்று உயரத்தில் வைக்கலாம். டிரம்மின் அடியிலிருந்து இன்ஜினின் கீழ் வாய்க்கு ஒரு குழாய், இன்ஜினின் மேல் வாயிலிருந்து டிரம்மின் மேல்பகுதிக்கு ஒரு குழாய். சூடான நீர் தானே மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கும். மேல் குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். டிரம் நீர் மிகவும் சூடானால் இன்ஜினுக்கு ஓய்வு கொடுங்கள்.

மேலும் சில கேள்விகள்

பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இன்ஜினில் கேம் மாற்றினால் தீப்பொறி நேரம் மாறுமா?
பிளைவீல் காந்தத்தால் தீப்பொறி வரும் வகைகளில் மாறாது. ஏனென்றால் பிளைவீல் கிராங்கில் இருக்கிறது. ஆனால் வால்வு நேரம் மாறும். வேலையின்போது பிளைவீலைக் கழற்றியிருந்தால் அதன் சாவி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது நசுங்கினால் தீப்பொறி நேரமும் மாறும்.

குறிகள் அழிந்துபோயிருந்தால்?
பழைய கேமைக் கழற்றும் முன்பே, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பொருந்தியிருக்கும் பற்களில் சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். கழற்றிய பின்பு என்றால் புஷ் ராடு முறையில் நிலை கண்டுபிடித்துப் பொருத்தலாம்.

புதுக் கேம் போட்டதும் முழுப் பளு கொடுக்கலாமா?
மூக்குகளில் ஆயில் பூசித்தான் கேமை மாட்ட வேண்டும். முதல் சில மணி நேரம் குறைந்த பளுவில் ஓட்டி, டேப்பெட்டை மறுபடி சரிபார்த்து, ஆயிலை மாற்றிவிடுங்கள். அந்த ஆயில் செலவு, இன்னொரு கேம் ஷாஃப்ட்டின் விலையைவிட மிகக் குறைவு.