மூன்று தோல்வி, ஒரு கோல், 21 பையன்கள்

*கால்பந்து உலகக் கோப்பை ஒன்றில் ஆடிய ஒரே இந்திய ஆண்கள் அணி, 2017-ன் 17 வயதுக்குட்பட்டோர் அணிதான். முதல் சுற்றிலேயே அது வெளியேறியது. ஆனால் அந்தப் பையன்களின் நிஜமான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.*

கொச்சியின் வைட்டிலா சந்திப்பு ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. தேசிய நெடுஞ்சாலையும் எர்ணாகுளம் நகருக்குள் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். தெற்கே ஆலப்புழையிலிருந்தும் வடக்கே திருச்சூரிலிருந்தும் வரும் பேருந்துகள் இங்கே கூட்டத்தை இறக்கிவிடுகின்றன. கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆடும் நாளென்றால் அந்தக் கூட்டத்தின் நிறம் மஞ்சள். 2019 செப்டம்பரில் மெட்ரோ ரயில் வைட்டிலாவுக்கு வந்த பிறகு ரசிகர்களின் பாடு இன்னும் சுலபம். இங்கே ஏறினால் ஸ்டேடிய வாசலில் இறங்கலாம்.

2017 அக்டோபரில் இந்த வசதி இல்லை. மெட்ரோ அப்போது மகாராஜா கல்லூரி வரைதான் எட்டியிருந்தது. ஆனாலும் கூட்டம் போய்ச் சேர்ந்தது. காரணம், கலூருக்கு வந்திருந்தது உலகக் கோப்பை. இந்திய மண்ணில் ஃபிஃபா நடத்திய முதல் போட்டி அது: 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை. கொச்சிக்கு எட்டு ஆட்டங்கள் கிடைத்தன. அக்டோபர் 7-ம் தேதி முதல் ஆட்டத்திலேயே பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. பிரேசில் 2-1 என்று வென்றது. மலபார் கிராமங்களில் பிரேசில் கொடி கட்டி வளர்ந்த தலைமுறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒன்று வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் டெல்லியில் நடந்தன. மத்திய அரசு விரும்பியபடி தலைநகரிலேயே அவை வைக்கப்பட்டன. பிரேசில் பையன்களை நேரில் பார்த்த கொச்சி, தன் நாட்டுப் பையன்களைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தது.

யார் இவர்கள்?

அந்த 21 பேரின் ஊர்ப் பட்டியலே ஒரு கதை சொல்கிறது. எட்டுப் பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். மூவர் மேற்கு வங்கம். கர்நாடகம், பஞ்சாப், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர்கள் தலா இருவர். மிசோரம், சிக்கிம், கேரளத்திலிருந்து ஒவ்வொருவர். கனடாவிலிருந்து வந்த கோல்கீப்பர் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை.

வீட்டுக் கதைகள் இன்னும் அழுத்தமானவை. கேப்டன் அமர்ஜித் சிங்கின் தாய் இம்பாலில் மீன் விற்றவர். நடுக்களத்தில் ஆடிய ஜீக்சன் சிங், அமர்ஜித்தின் உறவுக்காரப் பையன். அவரது தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் விழ, தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சிக்கிமின் கோமல் தட்டாலின் பெற்றோர் தையல் தொழில் செய்தவர்கள். வங்கத்தின் அபிஜித் சர்க்காரின் தந்தை சைக்கிள் வேன் ஓட்டியவர். பெங்களூரின் சஞ்சீவ் ஸ்டாலினுடைய பெற்றோர் நடைபாதையில் துணி விற்றவர்கள். கேரளத்தின் ஒரே பிரதிநிதி திருச்சூர்க்காரர் கே.பி. ராகுல். சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயனை இந்தியாவின் பெரிய ஸ்ட்ரைக்கர்களில் ஒருவராக்கிய அதே ஊர்.

அணி உருவான விதமும் நேர்க்கோடாக இல்லை. போட்டியை நடத்தும் உரிமை 2013 டிசம்பரில் கிடைத்தது. ஜெர்மானியப் பயிற்சியாளர் நிகோலாய் ஆடம் பையன்களைத் திரட்டிப் பயிற்சி தந்தார். வெளிநாட்டுப் பயணங்களும் இருந்தன. ஆனால் வீரர்களுக்கும் அவருக்கும் இடையே கசப்பு முற்றி, 2017 தொடக்கத்தில் அவர் விலக நேர்ந்தது. போட்டிக்கு ஏழு மாதம் இருக்கும்போது போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பொறுப்பேற்றார். மினெர்வா பஞ்சாப் அணியின் பையன்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தில் தேசிய அணியையே தோற்கடிக்க, அவர்களில் சிலரைத் தன் அணிக்கு இழுத்துக்கொண்டார் மாட்டோஸ். ஜீக்சன் உள்ளே வந்தது இப்படித்தான். சில மாதம் முன்புவரை பட்டியலிலேயே இல்லாத பையன்.

ஒரு நிமிட ஆனந்தம்

அக்டோபர் 6. டெல்லி நேரு ஸ்டேடியத்தில் அமெரிக்காவிடம் இந்தியா 0-3 என்று தோற்றது. ஆனால் ஸ்கோர் சொல்வதைவிட ஆட்டம் நெருக்கமாக இருந்தது. 0-2 என்றிருந்தபோது அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதே வேகத்தில் எதிர்த்தாக்குதல் நடத்தி மூன்றாவது கோலைப் போட்டது அமெரிக்கா. உலகத் தரம் என்பதற்கு இதுதான் அர்த்தம் என்று பையன்களுக்குப் புரிந்த நொடி அது.

மூன்று நாள் கழித்துக் கொலம்பியா. முதல் பாதி முடியும் தறுவாயில் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் மோதியது. இரண்டாம் பாதியில் கொலம்பியா முந்தியது. 82-வது நிமிடம் இந்தியாவுக்குக் கார்னர். சஞ்சீவ் ஸ்டாலின் பந்தைத் தூக்கி அனுப்ப, உயரமான ஜீக்சன் எழும்பித் தலையால் முட்டினார். கோல். உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல். அரங்கம் அதிர்ந்தது. ஆர்ப்பாட்டம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே, கொலம்பியாவின் ஹுவான் பெனலோசா தன் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். 1-2.

கடைசி ஆட்டத்தில் கானாவிடம் 0-4. பையன்கள் அழுதபடி மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார்கள். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒன்பது கோல் வாங்கி ஒரு கோல் போட்டது. கணக்கு அவ்வளவுதான்.

இந்திய இளையோர் கால்பந்தில் இதைவிடப் பெரிய நாள் உண்டு. 1974-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப்பில் ஹைதராபாதின் ஷபீர் அலி தலைமையில், அருண் கோஷ் பயிற்சியில் சென்ற அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானுடன் 2-2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. அன்று ஈரானும் இந்தியாவும் ஒரே படியில் நின்றன. அதற்குப் பின் ஈரான் உலகக் கோப்பைகளுக்குப் போனது. இந்தியா போகவில்லை. திறமையான பையன்கள் கிடைக்காததல்ல காரணம். கிடைத்த பையன்கள் 18 வயதிலிருந்து 21 வயதுவரை என்ன செய்வது என்பதற்கு நாட்டில் விடை இல்லை.

விடை தேடிய அம்புகள்

2017-ல் விடையாக வந்தது ‘இந்தியன் ஆரோஸ்’. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முன்பு நடத்திக் கைவிட்ட அணிக்கு மீண்டும் உயிர் கொடுத்து, உலகக் கோப்பை பையன்களை அப்படியே ஐ-லீக்கில் இறக்கியது. நவம்பர் 29-ம் தேதி முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று வீழ்த்தினார்கள். அனிகேத் ஜாதவ் இரண்டு கோல் போட்டார். அந்தப் பருவத்தை கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். ஆனால் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக 18 லீக் ஆட்டங்கள் கிடைத்தன. அந்த வயதுப் பையன்களுக்கு இந்தியாவில் அதற்கு முன் கிட்டாத வாய்ப்பு.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் நடந்த கோட்டிஃப் கோப்பையில், இந்தியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. பத்துப் பேராகக் குறைந்த பின்பும் வென்றது. வெற்றி கோல் அன்வர் அலியின் ஃப்ரீகிக். எதிர்ப்பக்கம் அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக இருந்தவர் லியோனல் ஸ்கலோனி. நான்கே ஆண்டுகளில் மெஸ்ஸியின் அணியோடு உலகக் கோப்பையை வென்றவர்.

அதே அன்வருக்கு 2019-ல் இடி விழுந்தது. மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடிக்கும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. ஆடக் கூடாது என்றது சம்மேளனம். 19 வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டதாகத் தோன்றிய நிலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். மீண்டும் ஆட வழி பிறந்தது. 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே தேசிய சீனியர் அணிக்காகக் கோல் போட்டார்.

மஞ்சள் சட்டையில் ஆறு பேர்

2017-ல் அந்தப் பையன்களைப் பார்க்கக் கிடைக்காத கொச்சிக்கு, பிறகு அவர்கள் தேடி வந்தார்கள். தீரஜ் சிங், ஜீக்சன் சிங், கே.பி. ராகுல், பிரப்சுகன் கில், சஞ்சீவ் ஸ்டாலின், நொங்டம்பா நவ்ரெம் என்று அந்த அணியின் ஆறு பேராவது வெவ்வேறு காலத்தில் கேரளா பிளாஸ்டர்ஸில் சேர்ந்தவர்கள். 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் ஹைதராபாதுக்கு எதிராக பிளாஸ்டர்ஸின் ஒரே கோலைப் போட்டவர் ராகுல். பெனால்டியில் கோப்பை நழுவியது. அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பர் விருது கில்லுக்குக் கிடைத்தது. நடுக்களத்தில் ஜீக்சன். டெல்லியில் அழுத பையன்கள் ஐந்தாண்டில் ஒரு பெரிய அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள்.

மற்றவர்களும் சும்மா இல்லை. அந்தக் குழுவில் முதலில் சீனியர் இந்திய அணியில் ஆடியவர் அமர்ஜித், 2019 ஜூனில். 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிராக ஜீக்சன், சுரேஷ் சிங், லாலெங்மாவியா மூவரும் ஒரே நாளில் அறிமுகமானார்கள். சென்னை ரசிகர்களுக்கு ரஹீம் அலியைத் தெரியும். பல ஆண்டுகள் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையில் ஓடியவர். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீனாவிடம் இந்தியா 1-5 என்று தோற்றபோது, மிகக் குறுகிய கோணத்திலிருந்து அந்த ஒரு கோலைப் போட்டவர் ராகுல்.

மைதானத்துக்கு வெளியிலும் சுமை வந்தது. 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தது. ஜூலையில் பெங்களூரில் தெற்காசியக் கோப்பையை வென்றபோது ஜீக்சன் தோளில் போர்த்தியிருந்தது ஏழு நிற மெய்தி கொடி. சர்ச்சை வெடித்தது. யாரையும் புண்படுத்துவது நோக்கமல்ல, மாநிலத்தின் நிலையை எல்லோரும் கவனிக்க வேண்டும், அமைதி திரும்ப வேண்டும் என்பதே தன் எண்ணம் என்று விளக்கினார். மணிப்பூரின் பையன்கள்மீது தேசிய அணி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் அவர் கவலை வெறும் தனிமனிதக் கவலை அல்ல.

கதவு மூடியபோது

21 பேரும் கரையேறவில்லை. சிலர் பெரிய அணிகளில் பெஞ்சிலேயே காலம் கழித்தார்கள். சிலர் கீழ்நிலைப் போட்டிகளுக்கு இறங்கினார்கள். எந்த நாட்டு இளையோர் அணியிலும் இது நடப்பதுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 2017-ல் கொச்சியில் ஈரானுக்கு எதிராகக் கோல் போட்ட ஸ்பெயினின் ஃபெரான் டோரஸ், அந்த ஆண்டு முடிவதற்குள் வலென்சியா கிளப்பின் முதல் அணியில் ஆடிவிட்டார். டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய அமெரிக்காவின் டிம் வேயா 2022 உலகக் கோப்பையில் கோல் போட்டார். அங்கே 17 வயதுக்கு அடுத்த படி தயாராக இருக்கிறது. இங்கே அந்தப் படியைச் சம்மேளனமே கட்ட வேண்டியிருந்தது. கட்டியதையும் 2022-ல் இடித்துவிட்டது. இந்தியன் ஆரோஸ் அந்த ஆண்டோடு முடிந்தது.

அதற்கடுத்து வந்த பையன்கள் மோசமானவர்கள் அல்ல. 2018-ல் பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியில் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஆசியக் கால் இறுதிவரை போய், தென் கொரியாவிடம் 0-1 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் வென்றிருந்தால், போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமலேயே உலகக் கோப்பைக்குப் போயிருக்கும். 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வீழ்த்தி 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அதே பயிற்சியாளரின் வேறொரு அணி.

ஆனால் அந்த வெற்றி வந்த நேரத்தைப் பாருங்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக் நவம்பர் ஆகியும் தொடங்கவில்லை. கலூர் ஸ்டேடியமும் அந்த நாட்களில் வேறொரு விருந்தாளிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. மெஸ்ஸியின் அர்ஜென்டினா நவம்பரில் வரும் என்று கேரளம் காத்திருந்தது. வரவில்லை.

அர்ஜென்டினா வராமல் போனதில் ரசிகர்களுக்கு வருத்தம் இருக்கலாம். அகமதாபாத்தில் ஈரானை வென்ற பையன்களுக்கு அதைவிடப் பெரிய கவலை உண்டு. 2017-ன் பையன்களுக்கு மூன்று தோல்விக்குப் பிறகு ஆடுவதற்கு 18 ஆட்டங்களாவது காத்திருந்தன. 17 வயது தாண்டும்போது இவர்களுக்கு எத்தனை ஆட்டங்கள் காத்திருக்கும் என்பதே கேள்வி.