வந்தவர் எல்லாம் கலப்பதில்லை

எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கும் வெள்ளைக்காரர்கள் இரண்டு நாள் தங்கிவிட்டு அறுகம்பைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குப் பணம் சேர்கிறது, மரபணு சேர்வதில்லை. பசறையிலிருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களின் கதையும் அதுதான். வந்தவர் அந்த மண்ணின் மக்களோடு கலந்து பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் அங்கேயே பிள்ளை பெற்றால்தான் அதை மரபணு ஓட்டம் என்பார்கள். இடம்பெயர்வு அதற்கு வழி திறக்கும், அவ்வளவே.

ஊவாத் தோட்டங்களைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். கங்காணி தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையுமே திரட்டி வந்தார். ஆகவே லயத்துக்கு வந்தது ஏற்கெனவே உறவான கூட்டம். கடலைத் தாண்டியவர்கள், தோட்டத்துக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் இருந்த நாட்டுப்பக்கத்துச் சிங்களவரோடு பெரும்பாலும் சம்பந்தம் பேசவில்லை. மொழி, மதம், சாதி மூன்றும் குறுக்கே நின்றன. கலப்பு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதிகம் நடந்த கலப்பு வேறு: ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்தே இருக்காத சேலத்துக் குடும்பமும் புதுக்கோட்டைக் குடும்பமும், சாதி ஒத்துப்போனால், பக்கத்து டிவிசனில் சம்பந்திகள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓட்டம் இந்தியாவுக்குத் திரும்பியது. இங்கே பிறந்தவர்கள் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

கலப்பு நடந்தால் இரண்டு கூட்டங்களும் மரபணுவில் நெருங்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் வகைகள் கூடும். அடைபட்ட சிறு கூட்டத்திலோ சில வகைகள் தற்செயலாகவே அற்றுப்போகும், சில பெருகிவிடும். நம் பதுளை மாவட்டத்துத் தம்பானை வேடுவர்களைப் போன்ற சிறு சமூகங்களை ஆய்வாளர்கள் இந்தக் கோணத்திலும் பார்க்கிறார்கள். அத்தை மகளையும் மாமன் மகனையும் கட்டும் நம் வழக்கத்திலும் இதன் சாயல் உண்டு. தலசீமியா மரபணுவைத் தாத்தா ஒருவர் சுமந்திருந்தால் அது பேரன், பேத்தி இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்படிச் சுமக்கும் இருவரும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சாதகம் பார்ப்பதோடு இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

விலங்குகளுக்கு வருவோம். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி இலங்கையை இந்தியாவிலிருந்து பிரித்தபின், இங்குள்ள சிறுத்தைக்கு அக்கரையிலிருந்து துணை வரவில்லை. அது தனித் துணையினமாகவே எண்ணப்படுகிறது. இப்போது தீவுக்குள்ளேயே தேயிலையும் ரோட்டும் டவுனும் காட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டன. தாயை விட்டுப் பிரியும் இளம் ஆண் சிறுத்தை, ஓடைக்கரை மரங்களை ஒட்டி, கொழுந்து மலைக்குள் பதுங்கி அடுத்த காட்டைத் தேடிப் போகும். இரு காடுகளுக்கும் இடையில் மரபணுவைச் சுமப்பது அதுதான். தலைமுறைக்கு ஒரேயொரு விலங்கு இப்படிப் போய் இனம் பெருக்கினாலே இரு கூட்டங்களும் விலகிப்போகாமல் இருக்கும் என்பது மரபியலில் ஒரு பொதுக் கணக்கு.

அந்தப் போக்குவரத்து நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவின் புளோரிடாவில் பூமாக்கள் இருபது முப்பதாகக் குறைந்து, வால் மடங்கியும் இதயக் குறையோடும் குட்டிகள் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு குறைகள் குறைந்தன, எண்ணிக்கையும் ஏறியது.

நமக்கு எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை; காடு மாறிப் போகும் சிறுத்தையை உயிரோடு விட்டால் போதும். மரக்கறித் தோட்டத்தைச் சுற்றிப் பன்றிக்குக் கட்டும் கம்பியில் சிக்கிச் சாவது பல நேரம் இந்தச் சிறுத்தைதான். தயவுசெய்து கம்பி கட்டாதீர்கள். கட்டியிருப்பதைக் கண்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.