நெற்றி தந்த மூக்கு

முகத்தில் வெயில் நேராக விழும் இடம் மூக்கு. வெள்ளை நிறத்தவரிடம் அதிகம் காணப்படும் ‘பேசல் செல்’ தோல் புற்றுநோய் அங்கேதான் அடிக்கடி முளைக்கிறது. ஓரங்களில் புற்றணு எதுவும் மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் உறுதி செய்துகொண்டு வெட்டியெடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் மோஸ் 1930-களில் உருவாக்கினார். ஆனால், விழுந்த பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது?

சின்னப் பள்ளத்துக்கு அக்கம்பக்கத் தோலே போதும். பெரியதென்றால் நெற்றிதான் கை கொடுக்கும். புருவத்தருகே ஓடும் ரத்தக்குழாயோடு நெற்றித் தோலைப் பட்டையாக உரித்து, கீழே திருப்பி மூக்கின்மேல் தைக்கிறார்கள். நிறமும் தன்மையும் ஏறக்குறைய பொருந்திவிடும். மூக்கு அமுங்காமலிருக்கக் காதின் குருத்தெலும்பைத் தாங்கலாக வைப்பதும் உண்டு. புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை, சுமார் மூன்று வாரம், அந்தத் தோல்பாலம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே நிற்கும். கண்ணாடி பார்க்கவே மனம் கூசும் நாட்கள் அவை. முன்கூட்டியே படம் காட்டி நோயாளியைத் தயார்படுத்துவதும் சிகிச்சையில் சேர்த்திதான். பிறகு பாலத்தை வெட்டிவிடுவார்கள்.

இது இந்தியா உலகுக்குக் கொடுத்த நுட்பம். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் பூனாவில் நெற்றித் தோலால் மூக்கு அமைத்ததை, 1794-இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்துடன் வெளியிட்டது. அதே முறையை ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பிணங்களில் பழகிப் பார்த்தார். 1814-இல் லண்டனில் உயிருள்ள மனிதருக்குச் செய்து முடித்தார்.