'வேற ரத்தம்' என்பது எவ்வளவு உண்மை?

"எங்க ரத்தம் வேற, உங்க ரத்தம் வேற." ஊருக்கும் சேரிக்கும் இடையே தகராறு மூளும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. சாதி மறுத்து மணந்த பிள்ளைகளை வெட்டச் செல்பவர்களும் ரத்தத் தூய்மையைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?

மனித செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அதில் ஒரு ஜோடி பாலினத்தைத் தீர்மானிப்பது. மற்ற 22 ஜோடிகளும் ஆட்டோசோம்கள். ஒய் குரோமோசோம் தந்தைவழி என்ற ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டும். ஆட்டோசோம்கள் அப்படியல்ல. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என வருகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைப் போலக் கலைக்கப்படுகின்றன. பத்துத் தலைமுறை பின்னால் போனால் முன்னோர் கணக்கு 1,024. அவர்களில் பலருடைய சுவடு நம் ஆட்டோசோம்களில் இருக்கிறது.

2009-ல் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர், அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ரெய்க் குழுவினருடன் சேர்ந்து, 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தனர். பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழங்கால மக்கள்திரளின் கலப்பு என்று தெரிந்தது. கலப்பின் அளவு குழுவுக்குக் குழு கூடும், குறையும். அவ்வளவுதான்.

2013-ல் 73 குழுக்களை வைத்து நடந்த அடுத்த ஆய்வு காலத்தையும் கணித்தது. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் கலப்பு நடந்திருக்கிறது. அதன் பிறகே சொந்தக் குழுவுக்குள் மட்டும் மணக்கும் வழக்கம் இறுகியது.

இதை ஆய்வகம் இல்லாமலே கண்டவர் அம்பேத்கர். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், அகமண முறையே சாதியின் சாரம் என்றார். அப்போது அவருக்கு வயது 25.

இன்று பணம் கட்டினால் எச்சிலைச் சோதித்து 'உங்கள் பூர்வீகம் இத்தனை சதவீதம்' என்று அறிக்கை தரும் நிறுவனங்கள் உண்டு. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது, நிறுவனம் கையில் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. மாதிரிகள் மாறினால் சதவீதமும் மாறும். நெடுங்காலம் உள்ளுக்குள்ளேயே மணந்ததன் தடயம் அதில் தெரியலாம். மேல், கீழ் என்பது ஒருபோதும் தெரியாது.

மாறாக, மூடிய மண வட்டம் சில பரம்பரை நோய்களைப் பெருக்குகிறது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அரிவாள் தூக்கிக் காப்பதாகச் சொல்லும் அந்தத் தூய்மை, 1,900 ஆண்டுகளுக்கு முன்பே கலந்து கரைந்துவிட்டது.