உங்களுக்குத் தெரியுமா? குனிந்து பார்த்தால் தெரியும் அச்சு

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய வீட்டு வண்டியை வாங்குகிறவர், சோபாவையும் சமையல் மேடையையும் பார்க்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.

நம்மூர் லாரியைப் போல வளைந்த பட்டைகளை அடுக்கி, யு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது லீஃப் ஸ்பிரிங் அச்சு. பட்டையே இல்லாமல் சதுரக் குழாயும், அதன் முனையில் சக்கரத்தைத் தாங்கும் ஒரு குட்டைக் கையும் மட்டும் தெரிந்தால் டார்ஷன் அச்சு. அதிர்வை வாங்கிக்கொள்வது குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ரப்பர். வெள்ளியாய் மின்னும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் பல ஓடுவது இந்த வகையில்தான்.

எவ்வளவு எடை தாங்கும்? குழாயின் நடுவில் ஒட்டிய தகடு சொல்லும். அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் அளவுகோல்தான் கதி. லீஃப் ஸ்பிரிங் வகையில் உருண்டைக் குழாயின் விட்டம் 2⅜ அங்குலம் என்றால் பெரும்பாலும் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. 3 அங்குலம் என்றால் 5,200 முதல் 7,000 பவுண்டு வரை. சக்கர போல்ட்டுகளும் துப்புக் கொடுக்கும்: 3,500க்கு வழக்கமாக 5, 7,000க்கு 8.

லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை உடைந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம். டார்ஷனில் ரப்பர் தளர்ந்தால் பொதுவாக முழு அச்சையும் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.